ரைல்ஸ் ட்யூபோடு வீட்டுக்குப் போகும் பக்கவாத நோயாளிகள்: குடும்பத்தாரைக் கேட்டால் எல்லாரும் முழு மார்க் போடுகிறார்கள்

ரெண்டாம்வருஷம்_நர்சிங் கேட்டது:

வணக்கம். சென்னையில் எம்.எஸ்சி. நர்சிங், மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவு. பக்கவாதம் வந்து ரைல்ஸ் ட்யூபோடு (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் குடும்பத்தார் வார்டு கவனிப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள், அதை வைத்து டிஸ்சார்ஜ் நேரத்து நர்சிங்கை எப்படித் திருத்தலாம் என்பது தலைப்பு. 20 கேள்வி, 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரை ஐந்து புள்ளி, மொத்தம் 100 மார்க். பைலட்டில் 10 பேர். 90-க்குக் கீழே ஒருவர்கூட இல்லை. அதே வார்டிலிருந்து வீட்டுக்குப் போன சிலர் புரையேறி, நெஞ்சில் சளி கட்டித் திரும்ப அட்மிட் ஆகிறார்கள்.

கைடு மேடம், 'இது தேறாது, ஒரு எஸ்.டி.பி. (திட்டமிட்ட பாடம்) போட்டு ப்ரீ டெஸ்ட், போஸ்ட் டெஸ்ட் எடுத்துடு, 60 சாம்பிள் போதும்' என்கிறார். டூலை (கேள்வித்தாளை) மாற்றுவதா, தலைப்பையே மாற்றுவதா? நேர்காணல் செய்வதென்றால் எத்தனை பேர், எங்கே வைத்துக் கேட்பது? டேட்டா கலெக்‌ஷனுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

---

பழைய_வார்டுசிஸ்டர் பதில்:

தலைப்பு நல்ல தலைப்பும்மா, விடாதீங்க. கோளாறு கேட்ட விதத்தில் இருக்கிறது. ஆளை உள்ளே படுக்க வைத்திருக்கும்போது யூனிஃபார்மில் ஒருவர் கட்டிலோரம் வந்து 'கவனிப்பு திருப்தியா?' என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? இன்னும் நாலு நாளைக்கு ஊசி அந்தக் கையில்தானே. 'எல்லாம் நல்லா பாத்துக்கறாங்க சிஸ்டர்' என்று அவர்கள் சொல்வது ஒரு கும்பிடு. அதற்கு மார்க் போட்டுக் கூட்டினால் 90 வராமல் என்ன வரும்?

'திருப்தி', 'குறை' ரெண்டு வார்த்தையையும் டூலை விட்டே எடுத்துவிடுங்கள். நடந்ததை மட்டும் கேளுங்கள். 'ட்யூப்ல பால் ஊத்தறதை உங்க கையாலயே செய்யச் சொல்லிப் பாத்தாங்களா, எத்தனை தடவை?' 'ட்யூப் வெளிய வந்துட்டா எங்க போகணும்னு சொன்னாங்க?' 'பெட்பேன் வெச்சப்ப திரை போட்டாங்களா?' இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் தைரியம் தேவையில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கான எச்.சி.ஏ.எச்.பி.எஸ். கேள்வித்தாளும் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. எத்தனை முறை நடந்தது என்று கேட்டு, 'எப்போதும்' என்று சொன்னவர்களின் விழுக்காட்டைத் தலைக்கணக்காக எடுக்கிறார்கள். 'பெரும்பாலும்' அந்தக் கணக்கில் வராது.

'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதை வாயால் படித்துக் காட்டிப் பாருங்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'எப்பவும், சில நேரம், ஒரு தடவகூட இல்ல' போதும்.

மொழிபெயர்த்த டூல் என்றால் இன்னொரு வில்லங்கம் உண்டு. கவனிப்பவரின் பாரத்தை அளக்க ஸரிட் டூல் இருக்கிறது, 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 88. (உரிமம் உள்ள டூல், அனுமதி வாங்காமல் தொடாதீர்கள்.) இந்த மாதிரி டூல்களைத் தமிழாக்குபவர்கள் கை தன்னால் 'சுமை' என்ற சொல்லுக்குப் போகும். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றினால் அச்சாக மூலச் சொல்லே வரும், பேக் ட்ரான்ஸ்லேஷன் அப்பழுக்கில்லாமல் பாஸ். ஆனால் வார்டில் ஒரு மகளிடம் 'அம்மா உங்களுக்குச் சுமையா?' என்று கேட்டுப் பாருங்கள். 'என்ன கேள்வி இது, எங்கம்மா எனக்குச் சுமையா?' என்று எழுந்து போய்விடுவாள். அவளுக்கு ராத்திரி மூணு தடவை முழிப்பு, இடுப்பு வலி, வேலைக்கு லீவு எல்லாம் இருக்கும். அதையே கேட்டால் சொல்வாள்.

இதைப் பேக் ட்ரான்ஸ்லேஷன் பிடிக்காது. ஐந்தாறு அட்டெண்டர்களிடம் (நோயாளியோடு இருக்கும் குடும்பத்தார்) ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, 'இதுல என்ன கேக்கறாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்டால்தான் பிடிபடும். டூல் வாலிடேஷனுக்கும் ஐந்து பேராசிரியர்களோடு நிற்காதீர்கள். வீட்டில் ட்யூப் ஃபீட் கொடுத்த ரெண்டு பேரிடம் 'இந்தக் கேள்வி தேவையா' என்று கேட்டுத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பர்ட் ஐந்து பேர் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் ஐவரும் ஒத்துப்போக வேண்டும். ஆறு பேர் அல்லது அதற்கு மேல் என்றால்தான் ஒத்துப்போனவர்களின் பங்கு 0.78 இருந்தால் போதும் என்ற கணக்கு. ஐந்து பேரை வைத்துக்கொண்டு 0.80 வாங்கிவிட்டு வைவாவில் மாட்டுகிறவர்கள் நிறைய.

---

மூணாவது_மாடி பதில்:

மேலே சிஸ்டர் சொன்னதில் பெரும்பாலும் சரி, ஆனா ஒரு இடத்துல நான் ஒத்துப்போகல. நடந்ததா இல்லையான்னு கேக்கற பட்டியல், நர்ஸுக்கு ஏற்கெனவே தோணினதை மட்டும்தான் எண்ணும். தோணாதது அதுல வரவே வராது. அதனால முதல்ல நேர்காணல், அப்புறம் பட்டியல்.

ஒரு உதாரணம். 'ஃபீட் குடுக்கும்போது தலைய 30லிருந்து 45 டிகிரி உயர்த்தி வைங்க, முடிச்சு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்க'ன்னு வார்டுல சொல்லி அனுப்பறோம். வார்டு கட்டிலுக்குத் திருகு இருக்கு. வீட்டுல கயித்துக் கட்டிலோ தரையில பாயோ இருக்கும். குடும்பம் என்ன செய்யும்? தலைக்கு ரெண்டு தலையணை வைக்கும். கழுத்து மட்டும் மடங்கி, தாடை நெஞ்சுல இடிச்சிட்டு, உடம்பு படுத்த மேனிக்கே இருக்கும். பால் மேல ஏறி வர இது போதும். சொன்னபடி செஞ்சோம்னுதான் அவங்க நினைப்பாங்க, 'தலையை உயர்த்தி வைத்தீர்களா' கேள்விக்கு ஆமான்னுதான் டிக் விழும். 'எப்படி வெச்சீங்க, காட்டுங்க'ன்னு கேட்டாத்தான் இது வெளிய வரும். இடுப்புல இருந்து முட்டுக் கொடுக்கணும், சுவரோரம் சாய்ச்ச நாற்காலியக் கவுத்துப் போட்டு அது மேல மெத்தையை மடிச்சு வைக்கலாம்னு சொல்லிக்கொடுக்க வேண்டியது அப்பத்தான் புரியும்.

இன்னொண்ணு, 'குடும்பம்'னு யாரைப் பிடிக்கிறீங்க? கன்சென்ட்ல கையெழுத்துப் போடறவர் மகன். பணம் கட்டறவரும் அவரே. பாஸ் வெச்சிட்டுப் பகல்ல உக்காந்திருக்கறது மகள். வீட்டுக்குப் போனதும் பால் ஊத்தப் போறது மருமகளோ, ஏஜென்சியில இருந்து வர்ற ஹோம் நர்ஸோ. டிஸ்சார்ஜ் அன்னிக்குக் காலையில 11 மணிக்கு நாம சொல்லிக்கொடுத்தது இந்த மூணு பேர்ல யாருக்கு? ஆள் எடுக்கறப்ப முதல் கேள்வி, 'வீட்டுல ராத்திரி ஃபீட் யார் குடுப்பாங்க?' அவங்கதான் உங்க சாம்பிள். பாஸ் ஒண்ணுதான், அவங்க வார்டுக்கு வரவே இல்லைன்னா அதுவே உங்க ஆய்வோட ஒரு கண்டுபிடிப்பு.

நேரம், இடம்: காலை ரவுண்ட்ஸ், மதியச் சாப்பாடு ரெண்டும் தாண்டி, சாயங்கால விசிட்டர் கூட்டத்துக்கு முன்னாடி, ரெண்டரையிலிருந்து நாலு வரை. பெட் பக்கத்துல வேண்டாம், நோயாளி காதுல விழும். டியூட்டி ரூமும் வேண்டாம், அது நம்ம இடம். வேற தளத்துல காலியான ஓபி ரூம் கிடைச்சா உத்தமம். சுடிதாரோ புடவையோ, கோட்டு போடாதீங்க. அந்த வார்டுல உங்களுக்கு போஸ்டிங் இருந்தா நீங்க கேக்கவே கூடாது, வகுப்புத் தோழி ஒருத்தரைக் கேக்க வைங்க. முடிஞ்சா டிஸ்சார்ஜ் ஆகி ஏழு பத்து நாள் கழிச்சு, ரிவ்யூவுக்கு வரும்போது பேசுங்க. பயம் போயிருக்கும், வீட்டு அனுபவமும் கையில இருக்கும்.

ரெக்கார்டிங்: ஃபோனை ஏரோப்ளேன் மோடுல போட்டு, மடிச்ச கைக்குட்டை மேல வைங்க. மேஜை மேல வெறுமனே வெச்சா சீலிங் ஃபேன் கடகடன்னு விழும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரம் பிடிக்கும். 12 பேர், ஆளுக்கு 40 நிமிஷம்னா எட்டு மணி நேர ஆடியோ, கிட்டத்தட்ட 50 மணி நேரம் டைப்பிங். அன்னன்னிக்கு எழுதுங்க, சேர்த்து வெச்சா ஆறு வாரம் அதுக்கே போயிடும்.

எத்தனை பேர்னா, கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூணு பேரும் 2006-ல கானாவிலயும் நைஜீரியாவிலயும் எடுத்த 60 நேர்காணலை வெச்சுப் பாத்தாங்க. ஒரே மாதிரி ஆட்கள்கிட்ட ஒரே மாதிரி கேள்வி கேட்டா முதல் 12-லயே பெரும்பாலான கோடு (code, பேச்சுல வர்ற ஒவ்வொரு கருத்துக்கும் நாம வைக்கற பேர்) வந்துடுதுன்னு காட்டினாங்க. உங்களுக்கு 12 போதும். ஆனா 12 மகள்களைப் பிடிக்காதீங்க. மனைவி, மருமகள், மகன், சம்பள ஆள்னு பிரிச்சு எடுங்க.

கடைசியா ஒண்ணு, இதுலதான் நிறையத் தீசிஸ் செத்துப்போகுது. தமிழ்ல பேசினதை இங்கிலீஷ்ல எழுதி, இங்கிலீஷ்ல கோடு போடறது. 'வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, தெரியும். ஆனா மனசு கேக்கல, ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடுத்துட்டேன்'னு ஒருத்தர் சொல்றாங்கன்னு வைங்க. இங்கிலீஷ்ல இது 'வருத்தப்பட்டார், கொடுத்தார்'னு ஆயிடும். கோடு 'கவலை'ன்னு விழும், இல்லைன்னா 'அறிவுக் குறைவு'ன்னு விழும். ரெண்டும் தப்பு. அவங்களுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் குடுத்தாங்க. நம்ம வீட்டுல ஒருத்தருக்கு வாயில ஒரு பருக்கை போடாம நாம உக்காந்து சாப்பிட முடியாது, அந்த 'மனசு கேக்கல'தான் புரையேறறதுக்குக் காரணம். இதை எஸ்.டி.பி. போட்டு எப்படித் திருத்துவீங்க? அறிவுத் தேர்வுல 20-க்கு 20 வாங்கிட்டுப் போய் அவங்க கஞ்சி குடுப்பாங்க. அவங்களுக்கு வேற ஏதாவது செய்யக் குடுக்கணும். ஈரத் துணியில வாய் துடைக்கறது, உதட்டுக்கு எண்ணெய் தடவறது, அப்புறம் விழுங்கறதை மறுபடி எந்தத் தேதியில பரிசோதிப்போம்னு சீட்டுல எழுதித் தர்றது. தேதி தெரிஞ்சா மனசு பொறுக்கும். கோடு தமிழ்லயே போடுங்க, தீசிஸ்ல மேற்கோளா போற வரிகளை மட்டும் மொழிபெயருங்க.

---

கன்சென்ட்_ஃபார்ம் பதில்:

எத்திக்ஸ் பக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். குடும்பத்தாரும் உங்கள் ஆய்வின் பங்கேற்பாளர்தான். நோயாளிக்கு வாங்கிய சம்மதம் அவர்களுக்குச் செல்லாது, தனிப் படிவம் தமிழில் வேண்டும். ஆடியோ பதிவுக்குத் தனி வரி, தனிக் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, கூடவே ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கையெழுத்து. அந்தச் சாட்சி வார்டு ஆயாவாக இருக்கக் கூடாது.

நேர்காணலை முடிவு செய்துவிட்டால் எத்திக்ஸ் கமிட்டியின் பழைய அனுமதி போதாது. திருத்திய புரோட்டோகாலை (ஆய்வுத் திட்டத்தை) கொடுத்து ஒப்புதல் வந்த பிறகுதான் முதல் ஆள்.

யாரும் முன்கூட்டியே யோசிக்காத ஒன்று: பேச்சுவாக்கில் 'வீல் சேர் தள்ள காசு கேட்டாங்க' என்று வரும். வரும், நிச்சயம். அப்போது என்ன செய்வீர்கள் என்று புரோட்டோகாலிலேயே எழுதிவிடுங்கள். ஆள் பெயர், ஷிஃப்ட், தேதி எழுத்துப் பிரதியில் ஏறக் கூடாது. புகார் கொடுக்க விரும்பினால் எங்கே கொடுப்பது என்ற விவரத்தை அச்சடித்துக் கையில் கொடுங்கள். நோயாளிக்கு நேரடி ஆபத்து தெரிந்தால் (ட்யூப் பாதி வெளியே வந்து தொங்குகிறது, அதிலேயே ஊற்றுகிறார்கள்) ஆய்வை நிறுத்திவிட்டு வார்டுக்குச் சொல்வேன் என்று சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

---

ரெண்டாம்வருஷம்_நர்சிங்:

மூவருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். 12 பேர் என்றால் மேடம் ஒப்புக்கொள்ள மாட்டார், 60-ஐ என்ன செய்வது? பேச்சு போன நோயாளிகளை விலக்கிவிட்டு, அவர்களுக்குப் பதில் குடும்பத்தார் சொன்னதையே எடுத்துக்கொள்ளலாமா?

---

தசமபுள்ளி பதில்:

60-ஐ வைத்துக்கொள்ளுங்கள், பயன்படும். முதலில் நேர்காணல், அதிலிருந்து பிறந்த பட்டியலை 60 பேரிடம் கேட்பது. இதற்கு எக்ஸ்ப்ளோரேட்டரி சீக்வென்ஷியல் மிக்ஸ்டு மெத்தட் என்று பெயர். சினாப்சிஸில் (ஆய்வுச் சுருக்கத்தில்) இந்தப் பெயரைப் போட்டால் மேடம் முகம் தெளியும்.

60 பேரில் பாதிப் பேர் 'கையால் செய்து பார்க்கவில்லை' என்று சொன்னால் அந்த 50 விழுக்காடு உண்மையில் 37-க்கும் 63-க்கும் இடையே எங்கோ இருக்கும். ஒரு வார்டு முடிவெடுக்க இந்தத் துல்லியம் போதும். 10 புள்ளிக்குள் வேண்டும் என்றால் 96 பேர், பத்தில் ஒருவர் தொடர்பு விட்டுப்போவார் என்று வைத்தால் 107. ஆறு வாரத்தில் கிடைக்காது.

எஸ்.டி.பி. பற்றி: ஒரே குழு, கேள்வியையும் பதிலையும் சொல்லிக்கொடுத்து ஏழாம் நாள் அதே கேள்வியைக் கேட்டால் மார்க் ஏறும். பெயர்டு டி டெஸ்டில் (முன் மார்க்கையும் பின் மார்க்கையும் ஒப்பிடும் கணக்கு) பி மதிப்பு 0.001-க்குக் கீழே வரும். வராவிட்டால்தான் அதிசயம். நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அதில் ஒன்றும் தெரியாது.

குடும்பத்தைப் பழக்கினாலே போதும் என்பதும் அப்படி ஒன்றும் நிச்சயமில்லை. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் என்ற பெரிய ஆய்வு 2017-ல் லான்செட்டில் வந்தது. ஒரு பாதிக் குடும்பங்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள், மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் இறந்தவர்கள், பிறர் தயவில் இருப்பவர்கள் சேர்த்து இரண்டு பக்கமும் 47 விழுக்காடு. வித்தியாசமே இல்லை. அது கை கால் பயிற்சி பற்றியது, ட்யூப் ஃபீட் பற்றியது இல்லை. ஆனாலும் 'சொல்லிக்கொடுத்தால் வீட்டில் நடக்கும், நடந்தால் பலன் தெரியும்' என்ற இரண்டு தாவலையும் சும்மா நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று உங்கள் லிட்ரேச்சர் ரிவ்யூவுக்குக் கிடைக்காது.

மாற்றம் செய்தபின் எதை அளப்பது? திரும்ப அட்மிட் ஆவதை அளக்காதீர்கள். எண்ணிக்கை குறைவு, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு குதிக்கும். 'ராத்திரி ஃபீட் கொடுக்கப் போகிறவர் டிஸ்சார்ஜுக்கு முன் தன் கையால் ஒரு முழு ஃபீட் கொடுத்தாரா' என்பதை எண்ணுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் வரிசைப்படி ஐந்தைந்து பேருக்கு ஒரு புள்ளி, அதைக் கோட்டு வரைபடத்தில் வையுங்கள். நேர்காணல் தொடங்கும் நாளிலிருந்தே எண்ண ஆரம்பித்தால்தான் பழைய நிலை கையில் இருக்கும். பழைய நிலையின் மீடியனுக்கு (நடு மதிப்புக்கு) ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு புள்ளி விழுந்தால் மாற்றம் என்று சொல்லலாம். ஆறு புள்ளி என்றால் 30 டிஸ்சார்ஜ், உங்கள் வார்டில் ஆறு வாரத்துக்குள் முடியுமா என்று ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றால் மாற்றத்தின் பலனை அளக்கிறேன் என்று தலைப்பில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

---

மூணாவது_மாடி பதில்:

பேச்சு போனவங்களை விலக்காதீங்க. ட்யூப் அவங்க மூக்குலதான் இருக்கு. குடும்பத்தார் சொல்றது கண்ணுக்குத் தெரியற விஷயத்துல (நடக்கறாரா, எத்தனை ஃபீட் போச்சு) நோயாளி சொல்றதோட ஓரளவு ஒத்துப்போகும். வலி, பயம், மனசு இதுலதான் விலகும், பொதுவா குடும்பம் நோயாளியைவிட மோசமாத்தான் சொல்லும். அதனால ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டுக் கூட்டாதீங்க.

அஃபேசியா (பக்கவாதத்தால பேச்சு, மொழி போறது) இருந்தா ஒரு நேரத்துல ஒரே கேள்வி, ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரி. படம் போட்ட அட்டை ரெண்டு, எழுத்துப் பெரிசா. கேட்டுட்டு அரை நிமிஷம் வாய மூடிட்டுக் காத்திருக்கணும், அதுதான் கஷ்டம். பதில் நம்பகமா இருக்கான்னு பாக்க, அதே கேள்வியத் திருப்பிக் கேளுங்க: 'மூக்குல வலிக்குதா?' அப்புறம் நடுவுல வேற ஒண்ணு, அப்புறம் 'மூக்குல வலி இல்லையா?' ரெண்டுக்கும் தலையாட்டினா அந்தப் பதிலை எடுக்காதீங்க. மகள் முந்திட்டுப் பதில் சொல்வாங்க. அவங்களைத் திட்டாம, 'உங்ககிட்ட தனியா கேக்கறேன்மா'ன்னு சொல்லிடுங்க.

---

பழைய_வார்டுசிஸ்டர் பதில்:

தலையணை விஷயம் என் பட்டியலில் வந்திருக்காதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

கண்டுபிடித்ததை வார்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது, அனுபவம் சார்ந்த கூட்டு வடிவமைப்பு. பேட், ராபர்ட் இருவரும் வகுத்து, லூட்டனில் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் முதலில் செய்து பார்த்தது. நோயாளிகளைப் படம் பிடித்து, அதைப் பணியாளர்களுக்குப் போட்டுக் காட்டி, பிறகு ரெண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து எதை மாற்றுவது என்று முடிவெடுப்பார்கள். இங்கே முகம் காட்டும் படம் வேண்டாம். நேர்காணலில் வந்த ஏழெட்டு வரியை வேறொருவர் குரலில் படித்துக் காட்டுங்கள். முதலில் குடும்பத்தார் தனியாக, நர்ஸ்கள் தனியாக. அப்புறம்தான் சேர்ந்து, மூணு நாலு குடும்பத்தார், மூணு ஸ்டாஃப் நர்ஸ். இரவு டியூட்டி பார்க்கிறவர் ஒருவர் கட்டாயம். டாக்டரும் சூப்பரிண்டெண்டெண்டும் அந்த அறையில் இருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அவர்களுக்குக் கடைசி அரை மணி நேரம் போதும். குடும்பத்தாருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுங்கள், அதையும் புரோட்டோகாலில் எழுதுங்கள்.

பத்து மாற்றம் கேட்பார்கள், மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். அதிலும் புது ரிஜிஸ்டர் கேட்கிற மாற்றம் ஒன்றும் வேண்டாம், ரெண்டாவது வாரமே எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் முதல் மாற்றம் காசில்லாதது. டிஸ்சார்ஜுக்கு முதல் நாள், அட்டெண்டர் தன் கையால் ஃபீட் கொடுப்பதை அவர் ஃபோனிலேயே பதிவு செய்து கொடுப்பது. மூக்கு ஓரத்தில் ட்யூபில் போட்ட மார்க் இடம் மாறவில்லை என்று பார்ப்பது, இடுப்பிலிருந்து முட்டுக் கொடுப்பது, சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டுத் தானாக இறங்க விடுவது, கேழ்வரகுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டுவது, முடிவில் 30 மில்லி தண்ணீர். ரெண்டு மூணு நிமிஷம் போதும். வார்டுக்கு வராத மருமகள் ராத்திரி பத்து மணிக்கு அதைத்தான் பார்ப்பாள். எடுக்கும்போது பக்கத்துப் பெட் நோயாளி ஃப்ரேமில் விழாமல் திரையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.